மரத்துப்போன இடத்தைச் சுற்றி ஒரு கோடு

இன்று காலை மழை விடவில்லை. பேத்திக்கு வயிற்றுவலி என்று மருமகள் அலுமாரியின் அடித்தட்டைக் குடைந்து, ரப்பர் சுடுதண்ணீர்ப் பையை எடுத்து வெந்நீர் ஊற்றினாள். சூடேறிய ரப்பர் வாசனை அறையெங்கும் பரவியது. என் கை தானாக வலது தொடைக்குப் போனது, அக்கா. அங்கே ஒரு பழைய கொப்புளத்தின் தடம் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதை முதலில் அறிந்தவர் நீங்கள்தான்.

நாம் பழகியது கண்டியில், ஆஸ்பத்திரி வார்டில். ஒரே வாரத்தில் இருவருக்கும் இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். நான் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டவுனில் புடவைக்கடையில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்தவள். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து, பென்ஷன் எடுத்த பிறகும் நான் குடியிருக்கும் அம்பிட்டியவிலேயே தங்கிவிட்டவர். அடுத்தடுத்த கட்டில்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. நடக்கப் பழக்கும் மிஸ் வந்து எழுப்பும்போதெல்லாம், "ஐயோ, நோகுது பிள்ளை! கொஞ்சம் பொறும்!" என்று சத்தம் போடுவீர்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். கொழுந்துக் கூடையோடு மலை ஏறிய என் அம்மா ஒருநாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. நானும் அப்படியே பழகியிருந்தேன். ஆனால் உங்களுக்கு மாத்திரை நேரத்துக்கு வந்தது. கால்களுக்கு நடுவே வைக்கும் தலையணையைச் சரிபார்த்துவிட்டுப் போனார்கள். நீங்கள் எனக்கு முந்தி நடந்தீர்கள். "நல்லா இருக்கேன்" என்று சொன்ன என்னை எல்லோரும் அப்படியே நம்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. வலி வரும் என்று தெரியும். ஆனால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துக் கிடந்தது. குளிக்கும்போது தண்ணீர் படுவது தெரியாது. சேலை உரசுவது தெரியாது. உள்ளே குடைச்சல், மேலே ஒன்றுமே இல்லை. கால் செத்துக்கொண்டு வருகிறதோ என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் குடைச்சல் தாங்காமல் அந்தப் பையில் வெந்நீர் நிரப்பித் தொடையில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால், தோல் வெந்து கொப்புளித்திருந்தது. துணியைச் சுற்றி மறைத்தேன்.

அடுத்த நாள் நீங்கள் கைத்தடியோடு த்ரீவீலில் வந்து இறங்கினீர்கள். பேச்சுத் துணைக்காக வந்தவர், கதிரையில் நான் இருந்த விதத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டீர்கள்.

"என்ன, ஒரு பக்கம் சாய்ஞ்சு இருக்கிறீர்?"

"ஒன்னும் இல்லக்கா. லேசா வலி."

"லேசான நோவுக்கு ஆரும் இப்பிடி இருக்கமாட்டினம். காட்டும்."

கதவைச் சாத்திவிட்டுக் காட்டினேன். கிட்ட வந்து பார்த்தீர்கள்.

"சுட்டது உமக்குத் தெரியேல்லையோ?"

"தெரியலக்கா. அந்த எடம் மரத்துப்போச்சு. காலே போயிருமோன்னு பயமா இருக்கு." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அழாததெல்லாம் சேர்ந்து வந்தது.

"எனக்கும் மரத்துத்தான் கிடக்கு," என்றீர்கள். "நான் அங்க கத்தினது நோவுக்கு மட்டுமில்லை. பயத்துக்கும்தான்."

அப்படியே என் மகனைக் கூப்பிட்டீர்கள். "தம்பி, தையலுக்குக் கிட்ட புண். இப்பவே கொண்டுபோக வேணும்." வந்த த்ரீவீலிலேயே எங்களோடு ஏறிக்கொண்டீர்கள். கேட்க எனக்கு வாய் வராத கேள்விகளையெல்லாம் டொக்டரிடம் நீங்களே கேட்டீர்கள். வெட்டும்போது தோலில் ஓடும் சின்ன நரம்புகள் அறுபடும், உணர்ச்சி பெரும்பாலும் மெல்லத் திரும்பும், கொஞ்சம் அப்படியே தங்கினாலும் தங்கும் என்றார். புண்ணில் கிருமி பிடித்து உள்ளே இறங்கியிருந்தால் புது மூட்டுக்கே ஆபத்தாகியிருக்கும், நேரத்துக்கு வந்தீர்கள் என்றும் சொன்னார்.

புண் ஆறியதும் ஒருநாள் பேனையோடு வந்தீர்கள். "கோடு போட்டு வைப்பம். குறையுதோ எண்டு பாப்பம்." விரலால் தொட்டுத் தொட்டு, "இப்ப?" என்பீர்கள். "இல்லக்கா." "இப்ப?" "ம், தெரியுது." அந்த இடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்து என் தொடையில் ஒரு தீவு வரைந்தீர்கள். உங்கள் தொடையில் நான் வரைந்தேன். இரண்டு கிழவிகள் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பதைக் கேட்டு மருமகள் கதவைத் தட்டினாள். கோடு அழிய அழியப் புதிதாக வரைந்தோம். ஒவ்வொரு முறையும் தீவு சிறுத்தது. ஓரங்களில் எறும்பு கடிப்பதுபோலச் சுரீரென்று குத்தியபோது நான் முகத்தைச் சுளித்தேன். "குத்தட்டும். நரம்பு முழிச்சிட்டுது," என்றீர்கள்.

போன மாரிக்காலத்தில், படுக்கையில் கிடக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் வீட்டுச் சரிவில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கி வந்து கடைசியாக உங்கள் முகத்தைப் பார்த்தேன். அந்த நடையில் பாதி நீங்கள் தந்தது.

என் தீவு முற்றாக மறையவில்லை. ஒரு வெற்றிலை அளவு இன்னும் மரத்தே இருக்கிறது. அதற்கு இப்போது நான் பயப்படுவதில்லை.

போன வாரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு டவுனில் பஸ் ஏறினேன். ஒரு சீட்டும் காலி இல்லை. பழைய ஆளாக இருந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்பிட்டிய வரை நின்றே வந்திருப்பேன். முன் சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், "எனக்கு இடுப்பு ஒப்பரேஷன் செஞ்சிருக்குங்க. நின்னா வலிக்குது. கொஞ்சம் எடம் குடுங்க," என்றேன். அவர் உடனே எழுந்தார்.

நான் உட்கார்ந்தேன், அக்கா. எனக்கு வெட்கமாக இருக்கவில்லை.