நீ ஒத்துக்கொண்டு போன கல்யாணம்

உன் மனைவி சுமதி இன்று உன் கேமரா பையை என் மேசைமேல் வைத்ததும் அந்த வாடை வந்துவிட்டது. திருவனந்தபுரத்து மழையில் பூஞ்சை பிடித்த துணியும், நீ லென்ஸ் துடைக்கிற திரவமும் கலந்த வாடை. வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிரே, என் ஆபீஸ் நாற்காலியில் நீயே வந்து உட்கார்ந்தது மாதிரி இருந்தது.

காலேஜ் நாளிலிருந்தே உனக்கும் காகிதத்துக்கும் ஆகாது. "வாய்ச்சொல் போதாதா, எதுக்கு பேப்பரு?" என்பாய். வாய்ச்சொல்லும் ஒப்பந்தம்தான், ஒருவர் கேட்டு, மற்றவர் மனதார ஒத்துக்கொண்டு, ஈடாக ஒன்று கொடுப்பதாகப் பேசிவிட்டால் சட்டம் ஏற்கும். ஆனால் நாளைக்கு வழக்கென்று வந்தால் சாட்சிக்கு உன் மீசையையா காட்டுவது என்று நான் கத்துவேன். கடைசியில் படம் எடுக்கக் கூப்பிடுகிறவர்களோடு போட்டுக்கொள்ள நானே உனக்கொரு ஒப்பந்தம் எழுதித் தந்தேன். 'படம் எடுப்பவர் இறந்தால் இது முடிவுறும்' என்ற வரியைப் படித்துவிட்டு, "செத்தப்புறமாவது என்னை வேலை வாங்காம விட்டியே" என்று சிரித்தாய். அந்த வரிதான் இன்று வேலை செய்தது.

சுமதியோடு சாலைக் கடைத்தெருவின் அரிசி வியாபாரியும் அவர் மகளும் வந்திருந்தார்கள். வருகிற மாதம் மகளுக்குக் கல்யாணம். படம் எடுக்க நீ ஒத்துக்கொண்டிருந்தாய். சுமதி தானே எடுக்கிறேன் என்கிறாள். இது கைவிட்டுப் போனால் ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான் என்று நேற்றே என்னிடம் அழுதிருந்தாள்.

"வக்கீலம்மா, ஒப்பு போட்டிருக்காரு, பாத்தீயளா? பின்னே, பேருள்ள ஒரு ஆம்பளக் கேமராக்காரனை இவதான கொண்டுவரணும்?" என்று உன் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார் அரிசி வியாபாரி.

"அண்ணாச்சி, அவன் கைத்திறமையை நம்பித்தானே ஒத்துக்கிட்டீங்க? அவன் போனதோட அந்த ஒப்பந்தமும் முடிஞ்சிபோச்சு. சுமதி யாரையும் கொண்டுவர வேண்டியதில்ல. நீங்களும் சுமதிக்குக் கட்டுப்பட்டவங்க இல்ல. அட்வான்ஸைத் திருப்பித் தந்திருவா."

சுமதி முகம் செத்துப்போனது. பொறு, நான் இன்னும் முடிக்கவில்லை என்று கண்ணைக் காட்டிவிட்டு மகளிடம் திரும்பினேன். "கல்யாணம் உனக்குத்தானே? உனக்கு யாரு எடுக்கணும்?"

"அப்பா, நிச்சயதார்த்தத்துல நான் சிரிக்கிற படத்தை ஹால்ல மாட்டியிருக்கமே, அது இந்த அக்கா எடுத்தது. கேமரா அண்ணன் அப்போ பந்தியில பாயசம் குடிச்சிட்டிருந்தாரு. எனக்கு இந்த அக்கா மதி."

'மதி', அதாவது போதும் என்று இந்த ஊர்ப் பெண் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். உன் பாயசத்தை நினைத்து நான் சிரித்தேன், உடனே அழுகையும் வந்தது.

புதிதாக எழுதினோம். ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். பிடிக்காவிட்டால் இப்போதே எழுந்து போகலாம் என்று இரண்டு பக்கத்துக்கும் சொன்னேன். யாரும் எழவில்லை. மகள் கையெழுத்திட்டாள். சுமதி பேனாவை எடுத்து, பழக்கத்தில் உன் பெயரை எழுதி அதன் பின்னால் 'க்காக' போடப் பார்த்தாள். இத்தனை வருஷமும் உனக்காகவே கையெழுத்துப் போட்டவள் அல்லவா. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "யாருக்காகவும் இல்ல சுமதி. உன் பேரு மட்டும்."

எழுதினாள். கோட்டைத் தாண்டிப் போகிற அளவுக்குப் பெரிதாக எழுதினாள். நீ இல்லாத துக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கையெழுத்தை நீ பார்க்காமல் போனாயே என்பதும் இன்றிலிருந்து அதோடு சேர்ந்துகொண்டது.