அடுத்த படுக்கைக்குப் பொருந்திய மருந்து

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். அப்பாவைப் பற்றி அதே மூச்சில் எழுத வரவில்லை. போனில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

மூட்டு அறுவை சிகிச்சையில் புகுந்த கிருமி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. டாக்டரம்மா ஒரு படம் காட்டினார். கிருமி வளர்த்த தட்டில், மருந்து தோய்த்த வட்டக் காகிதங்கள். மருந்து வேலை செய்தால் காகிதத்தைச் சுற்றி வெறுமையாக இருக்குமாம். அப்பாவின் தட்டில் கிருமி எல்லாக் காகிதங்களையும் விளிம்புவரை மொய்த்துக் கிடந்தது. நீ சொன்ன ஆன்டிபாடி மருந்தை இங்கேயும் சிலருக்குப் போட்டுச் சோதிக்கிறார்கள். நான் வேலை பார்த்த பள்ளி மைதானத்தில் ஓடும் பிள்ளைகளில் சேட்டைக்காரன் சட்டையில் மட்டும் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டால் பி.டி. வாத்தியார் தூரத்திலிருந்தே பிடித்துவிடுவார் அல்லவா, அதுபோல இது கிருமிக்குக் கோடு போடும், பிடிப்பது நம் ரத்தத்தின் வேலை. ஆனால் ஒரு மருந்துக்கு ஒரு முகம்தான் தெரியுமாம். பக்கத்துப் படுக்கை லாரி டிரைவருக்குப் பொருந்திவிட்டது. அப்பாவின் கிருமியும் அதே இனம்தான், அதன் மேலுறை மட்டும் வேறு. சும்மா போட்டுத்தான் பாருங்களேன் என்று நான் கெஞ்சினேன் பாப்பு. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அது இவரோட கிருமியைப் பக்கத்துல பாத்தாலும் கண்டுக்காம போயிடும்மா என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். வாத்தியாரம்மா வீட்டுக் கிருமியாச்சே, வேற செக்‌ஷன்ல சேந்திருக்கு என்று சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கி வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர் நேற்று எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் மனைவி திரைச்சீலையை இழுத்து மறைத்துவிட்டாள், நான் பார்த்துவிடக் கூடாதாம். நான் உள்ளே போய், நீ சிரிம்மா, உன் சிரிப்பு எங்க பங்குல ஒண்ணும் குறைக்காது என்றேன். அவள்தான் அழுதாள்.

இரவெல்லாம் கணினியில் தேடிக்கொண்டிருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். போதும், தூங்கு. இவருக்குப் பொருந்துகிற மருந்து இன்னும் உருவாகவில்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். வரட்டுமா என்று நீ கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றேன். இப்போது வா.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது, என் ஆசி எப்போதும் உண்டு. வரும்போது நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா. கையுறை போட்டால்தான் அப்பாவைத் தொட விடுவார்கள், நகம் நீண்டிருந்தால் அது கிழிந்துவிடுகிறது.

அன்புடன்,
அம்மா