படத்தின் ஓரத்தில் முடியாத கறுப்பு

உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே என்னைத் திட்டத் தெரிந்த என் அம்மாவுக்கு,

நேற்று அப்பாவுக்குப் பல்வலி. எங்கே கிளம்பினார் தெரியுமா? சேலையூரில் உன் பல்லைப் பார்த்த அதே டாக்டரிடம். "தெரிஞ்சவரும்மா. வேற எடத்துக்குப் போனா முதல்லேர்ந்து எல்லாம் சொல்லணும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் முதல் எக்ஸ்ரேயைப் பையில் போட்டுக்கொண்டு நானும் போனேன்.

அந்தப் படம் உனக்கு நினைவிருக்கிறதா? ஒரு தீப்பெட்டி அளவுகூட இருக்காது. வலித்த கடைவாய்ப்பல், அதன் வேரடியில் ஒரு கறுப்பு. சீழ் என்று சொல்லி ரூட் கெனால் செய்தார். தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் மெஷின் பக்கத்துக் கேம்ப் ரோட்டிலேயே இருக்கிறது. அங்கே உன்னை அனுப்பவில்லை.

வலி அடங்கியதென்று நீ மறுபடி தைக்க உட்கார்ந்தாய். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு பிளவுஸ் அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, கவ்வியிருந்த குண்டூசி கீழுதட்டில் ஏறி ரத்தம் வழிந்தது. அக்கா பதறிவிட்டாள். நீயோ, "ஏன்டி, என்னாச்சு?" என்று அவளைக் கேட்டாய். உனக்கு வலிக்கவே இல்லை.

இதை டாக்டரிடம் நீயே சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். "மரத்துப்போக போட்ட ஊசிதாம்மா, போயிடும்" என்றார். அந்த மரப்பு அன்று சாயங்காலமே போயிருக்க வேண்டாமா? வாரக்கணக்கில் ஏன் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லையா?

பல் ஆடியது, பிடுங்கினார். பக்கத்துப் பல்லும் ஆடியது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் முழுத் தாடையையும் படம் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா எனக்கும் திரையைக் காட்டினார். சாதாரண நீர்க்கட்டி என்றால் பெரும்பாலும் ஓரம் கோடு போட்டதுபோல் தெரியுமாம். உன்னுடையதற்குக் கோடே இல்லை. கரையான் அரித்த கதவு மாதிரி இருந்தது எலும்பு. உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள்தான் ஓடுகிறதாம். புற்றுநோய் என்பதை அவர் மெல்லத்தான் சொன்னார். அதற்குள் அது கழுத்துக்கு இறங்கியிருந்தது.

எல்லாரும் விதி என்கிறார்கள். விதியா அம்மா எக்ஸ்ரே பார்த்தது?

நேற்று அவர் மேஜையில் அந்தச் சின்னப் படத்தை வைத்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "இதுல சின்னதாத்தானேம்மா இருந்துச்சு" என்றார்.

"படம்தான் சார் சின்னது. ஓரத்துல பாருங்க. படம் முடிஞ்சிடுச்சு, கறுப்பு முடியல."

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் கீழே வைக்கவில்லை. "மிச்சத்தையும் எடுத்துப் பார்த்திருக்கணும்" என்றார், என்னைப் பார்க்காமல். அப்பா என் கையை விட்டுவிட்டார்.

அப்புறம் அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். கொஞ்சம் பஞ்சைத் திரித்து அவர் கீழுதட்டில் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது சார்." "இந்தப் பக்கம்?" அதுவும் தெரிந்தது. முழுப் படமும் எடுத்துவரச் சொன்னார். அப்பாவுக்கு வெறும் சொத்தைதான்.

நான் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. துளிப் பஞ்சு, அம்மா. உன் உதட்டில் அதை வைத்துக் கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"அவரு நல்லவருடி, கோச்சுக்காத" என்று நீ எங்களை விட்டுப் போவதற்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னாய். இந்த ஒன்றில் உன் பேச்சைக் கேட்க என்னால் முடியவில்லை. ஆனால் ஒன்று செய்வேன். நம் தெருவில் யார் உதடு மரத்துப்போச்சு என்று சொன்னாலும், 'போயிடும்' என்ற பதிலோடு அவர்களை வீடு திரும்ப விடமாட்டேன். கூடவே போய் உட்காருவேன். படத்தின் ஓரம்வரை பார்த்தீர்களா என்று கேட்பேன். உன்மேல் சத்தியம்.

உன் குண்டூசி டப்பாவை யாருக்கும் கொடுக்காத உன் மகள்,
வெண்ணிலா