மாயா சிவப்பு வைத்துக்கொண்ட சேதி

என் ராசா சுமனுக்கு,

நீ எங்கே இருந்தாலும் இந்தச் சேதியை உட்கார்ந்து கேள். நின்றுகொண்டு கேட்டால் துள்ளிக் குதித்து எதையாவது உடைத்து வைப்பாய். மாயா சிவப்பு வைத்துக்கொண்டாள். உன் பெண்டாட்டி ஊருக்குப் போகவில்லை, இங்கேதான் இருக்கிறாள்.

உனக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன், அதில் ஒருவர் உனக்குப் படித்துக் காட்டட்டும். அவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும் அல்லவா, அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் இடையிடையே சொல்வேன். குறுக்கே பேசாதே.

சாந்தன்பாறைக்கு மேலே இந்த ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். நீ மாயாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேபாளத்திலிருந்து உன் மாமாவோடு வந்த பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருத்தன். பேச்சு வராது, சிரிப்பு மட்டும் வரும். நாலு வார்த்தை தமிழ் பழகிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் லயத்து வாசலில் வந்து நின்று ஸ்டோர் சாவி கேட்டாய். காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற கட்டடத்துச் சாவி.

"எதுக்குடா, சீட்டாடவா?"

"பேச, அக்கா."

"பேசறதுக்குப் பூட்டுன ரூமு எதுக்கு? மரத்தடியில உக்காந்து பேசு."

"அட்டை கடிக்குது, அக்கா."

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அதற்குப் பிறகு ஞாயிறு தவறியதில்லை. ஊரில் ஏன் வேலை இல்லை, ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஏன் வெளிநாட்டுக்கு ஓடுகிறோம் என்று பேசினீர்கள். இவ்வளவு தூரம் வந்த பிறகும் கீழ்ச்சாதிக்காரன் தொட்ட குடத்துத் தண்ணீரைக் குடிக்க மறுத்த இரண்டு பேரை நடுவில் உட்கார வைத்து நாள் முழுக்கக் கேள்வி கேட்டீர்கள். உன் கூட்டாளி ரோஷன் போனில் செய்தி படிப்பான், நீ கேள்வி போடுவாய், மற்றவர்கள் சண்டை போடுவார்கள். எங்கள் ஆட்கள் ஓட்டு வந்தால்தான் அரசியல் பேசுவார்கள். நான் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருப்பேன், ரோஷன் அவ்வப்போது எனக்குத் தமிழில் சொல்வான்.

ஒரு குறை இருந்தது. முறைக்காதே. இரண்டு மணி நேரம் பெண்ணுரிமை பேசுவீர்கள். அந்த இரண்டு மணி நேரமும் மாயா வெளியே அடுப்பில் பாலில்லாத கட்டன் சாயா போட்டு உள்ளே நீட்டி, கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவளே கேட்டாள், நாங்கள் எப்போது உட்காருவது என்று. நீ "அடுத்த ஞாயிறு" என்றாய். அடுத்த ஞாயிறு பேய்மழை. அதற்கடுத்த ஞாயிறு போனில் பந்து மேட்ச். அதற்குள் ஆனிக் காற்று வந்தது, நிழல் மரத்தின் கிளை முறிந்து உன் தலையில் விழுந்தது.

அந்தக் காற்றில் காட்டுக்குள் எதற்கடா போனாய்? எனக்கு இன்னும் உன்மேல் கோபம் தீரவில்லை.

அதன்பிறகு மாயா ஒரு வருஷம் வெள்ளை உடுத்தினாள். உங்கள் வழக்கம் அது, செருப்பு முதல் தலைத்துணி வரை வெள்ளை. ஏலக்காட்டுச் சேற்றில் வெள்ளைத் துணி! சாயங்காலம் குழாயடியில் அவள் அதை அடித்துத் துவைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இந்த ஆனியோடு வருஷம் முடிந்தது, வெள்ளையைக் கழற்றலாம் என்றார்கள். சிவப்பை மட்டும் சாகிறவரை தொடக்கூடாதாம்.

உன் மாமா அதோடு நிற்கவில்லை. தசைன் முடிந்ததும் மாயாவையும் பிள்ளையையும் உன் அப்பா அம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டார். தசைன் உங்கள் பெரிய பண்டிகை. எங்களுக்கு விஜயதசமி வருகிற அன்றைக்கு உங்களில் பெரியவர்கள் சின்னவர்களுக்கு அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்து நெற்றி நிறையச் சிவப்பாக அப்புவார்கள். மாயாவுக்குக் குங்குமம் சேர்க்காத வெறும் அரிசிதான் என்றார் மாமா. சிவப்பு இழந்த பெண் அயல்நாட்டில் யார் காவலில் இருப்பாள், மாமனார் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் வாதம். கெட்ட மனுஷன் இல்லை, உனக்கே தெரியும். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தே பாதி ஆயுளைத் தின்றவர்.

மாயா என்னிடம் வந்து அழுதாள். "அங்க போனா எனக்குப் பேரே இல்லக்கா. செத்தவன் பொண்டாட்டின்னுதான் கூப்பிடுவாங்க. மூலையில உக்காந்து மாட்டுக்குப் புல்லு அறுக்கணும். இங்க நான் மாயா. தினம் கூடை நெறைய காய் எடுக்கறேன். பிள்ளை அங்கன்வாடி போகுது."

"துணிஞ்சு செவப்பு வையி, எவன் கேக்கறான்னு பாப்போம்," என்றேன். சொல்வது சுலபம்.

பண்டிகைக்கு முந்தின மாதம் உங்கள் நாட்டில் நடந்தது உனக்கு எட்டியிருக்குமா? உன் வயசுப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். எத்தனையோ பிள்ளைகள் உயிரை விட்டார்கள். அரசாங்கமே விழுந்தது. இங்கே லயத்தில் ஒருத்தனுக்கும் சோறு இறங்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டு அழுவதும் சிரிப்பதுமாகக் கிடந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரில் நிற்க இடமில்லை.

கல்பனா என்று ஒருத்தி இந்த வருஷம் புதிதாக வந்திருக்கிறாள். பத்தொன்பது வயசு, வாய் என்றால் அப்படி ஒரு வாய். அவள் வந்ததும் வராததுமாக மாயா கையிலிருந்த சாயாப் பாத்திரத்தைப் பிடுங்கி ரோஷன் கையில் கொடுத்தாள். மாயாவை இழுத்துக்கொண்டு போய் வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தாள். ரோஷன் என் பக்கத்து அடுப்பில் ஊதிக்கொண்டே உள்ளே பேசுவதை எனக்குச் சொன்னான். அவன் போட்ட சாயாவை மாடு குடிக்காது. நான் குடித்தேன்.

ஆண்பிள்ளைகள் வெகுநேரம் பேசினார்கள். பழசெல்லாம் போச்சு, இனி நம்ம காலம் என்றார்கள். மாயா எழுந்து நின்று ஏதோ கேட்டாள். ரோஷன் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னடா கேட்டா?"

"அங்க அரசாங்கத்தையே மாத்திட்டீங்க, என் நெத்திய மாத்த முடியுமான்னு கேக்குது அக்கா."

சுமன், அந்தக் கேள்விக்காகத்தானே நீ கூட்டமே ஆரம்பித்தாய்? உன் வீட்டுக்குள்ளிருந்து வரும் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய்.

சண்டை பிடித்துக்கொண்டது. ஊரில் போட்டோ பார்த்தால் என் அம்மா சாப்பிடாது என்றான் ஒருத்தன். சட்டத்தில் இப்படி ஒன்றும் இல்லை, நம் பழக்கத்தில்தான் இருக்கிறது என்றான் இன்னொருத்தன். பழக்கம் என்றால் சும்மாவா, அது போனால் நாம் யார் என்று கேட்டான் மூன்றாமவன். அவன் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மலை தாண்டி வந்து பிழைக்கிறவனுக்கு அதை விட்டால் கையில் வேறென்ன இருக்கிறது? கல்பனா எல்லாரையும் கையமர்த்திவிட்டு, பெண்டாட்டி செத்தால் ஆண்பிள்ளைக்கு எத்தனை நாள் வெள்ளை என்று கேட்டாள். ரோஷன் வாசலில் இருந்தே, "பதிமூணு நாள்," என்றான். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு பேர் தவிர அத்தனை பேரும் தூக்கினார்கள்.

தூக்கி என்ன செய்ய? சிக்கல் அதன்பிறகுதான். அந்தப் பொட்டை வயதில் மூத்தவர் கைதான் வைக்க வேண்டும். சின்னவர்கள் வைத்தால் அது பொட்டே இல்லை. அங்கே இருந்த அத்தனை பேரும் முப்பதுக்குள். மூத்தவர் மாமா ஒருவர்தான். மூன்று பேர் போய்க் கேட்டார்கள். "பத்துப் பசங்க கை தூக்குனா சாமி மாறிருமா?" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்து தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கல்பனா என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க வைங்க. நீங்க சுமன் அண்ணனோட அக்கா. மாயாவுக்கு நாத்தனார்," என்றாள் கல்பனா.

"நான் ஆகாதுத்தா. நானும் தாலி அறுத்தவதான்."

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழனிப் பானையில் துள்ளி. மாயாவுக்குத் துணிச்சல் சொன்ன இந்த முருகேஸ்வரியின் நெற்றி பதினைந்து வருஷமாக வெறும் நெற்றி, சுமன். உன்னிடம் ஒன்று மறைத்திருக்கிறேன். உங்கள் சகோதரர் பண்டிகை அன்று, இங்கே எனக்கு அக்கா தங்கச்சி இல்லை, நீங்கள் பொட்டு வையுங்கள் என்று நெற்றியைக் காட்டி நின்றாயே, நான் உனக்குத் திருநீறு மட்டும்தான் பூசினேன். எங்கள் வழக்கமே அதுதான் என்று பொய் சொன்னேன். அறுத்தவள் கையால் குங்குமம் வைத்தால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். குங்குமம் வைக்காமலும் ஆகத்தானே செய்தது?

மாயா என்னைத் திட்டவில்லை. என் நெற்றியைப் பார்த்தாள். "அப்ப எனக்குச் சொன்னதெல்லாம் சும்மாவாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பத்து நாள் எனக்குச் சோறு ருசிக்கவில்லை. ஆயுத பூஜை அன்று ஸ்டோர் மிஷினுக்கெல்லாம் நான்தான் சந்தனம் குழைத்துக் கொடுத்தேன். இரும்புக்கு வைக்கிற குங்குமம்கூட மனுஷிக்கு வைக்க முடியாதா என்று அப்போது ஒரு ஆத்திரம் வந்தது பார். மறுநாள் விடிந்ததும் குளித்து, இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். மூத்தவர் கைதான் வேண்டும் என்றால், எனக்கு வைக்க இந்த லயத்தில் எனக்கு மூத்தவள் யார்? நானே எடுத்து நானே வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

குழாயடியில் நம் பெண்கள் குடத்தை நிமிர்த்தாமல் அப்படியே பார்த்தார்கள். ஒருத்தி, "என்னக்கா விசேஷம்?" என்றாள். "என் நாத்தனார் வேலை ஒண்ணு பாக்கி கிடக்கு," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஸ்டோரில் மாமா தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் சிவப்பு அரிசி, ஓரத்தில் கிண்ணத்தில் வெள்ளை அரிசி, இருட்டு மூலையில் கூடையில் முளைக்கப்போட்ட கோதுமைப் பயிர், எங்கள் முளைப்பாரி மாதிரி மஞ்சளாக. எதிரே அத்தனை பிள்ளைகளும் நிற்கிறார்கள். ஒரு தலை குனியவில்லை. அன்றைக்குக் கை தூக்காத இரண்டு பேரும் குனியவில்லை. "மாயாவுக்கு மொதல்ல," என்றான் ரோஷன் என்னைப் பார்த்ததும். "அதுவரைக்கும் யாரும் வாங்கறதில்லன்னு பேசிட்டோம்."

நான் தட்டருகில் போய் உட்கார்ந்தேன். மாமா என் நெற்றியைப் பார்த்தார். நான் சிவப்பில் கை வைத்தால் தட்டை இழுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் இழுக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கி என் பக்கம் பிடித்தார்.

மாயா முன்னால் வந்து மண்டியிட்டாள். கை நிறைய எடுத்து அவள் நெற்றி முழுக்க வைத்தேன். வாழ்த்துச் சொல்ல வேண்டும், எனக்கு உங்கள் மந்திரம் தெரியாது. தட்டைப் பிடித்தபடியே மாமா சொல்ல ஆரம்பித்தார். விடாமல் கடைசி வரை சொன்னார். என்ன சொன்னார் என்று ரோஷனைக் கேட்டேன். நூறு வயசு இரு, ஜெயித்து இரு என்றாராம். அப்புறம் அவரே பயிரைக் கிள்ளி மாயாவின் காதில் செருகினார். கல்பனா விசிலடித்தாள். நானும் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று நினைவில்லை. அத்தனை தலையும் வரிசையாகக் குனிந்தது.

மாமா போன வாரம் தனியாகத்தான் ஊருக்குப் போனார். உன் அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை மாயா நடத்தினாள். தண்ணீர்க் குடம் பேச்சை மறுபடி எடுத்தாள். அன்று குடத்துத் தண்ணீரை மறுத்த இரண்டு பேரும் அகப்பட்டுக்கொண்டு விழித்தார்கள்.

இப்போது ஒரு சத்தியம் பண்ணப்போகிறேன். உனக்கு வலிக்கலாம், கேட்டுக்கொள். மாயாவுக்கு இருபத்தேழு வயசு. அவள் நெற்றியில் வைத்தது உன் பெயரை நினைத்துக் காத்திருக்கச் சொல்லி வைத்த பொட்டு இல்லை. நாளைக்கே அவள் மனசு ஒருத்தனைக் கேட்டால், நான் குறுக்கே நிற்க மாட்டேன், யாரையும் நிற்க விடவும் மாட்டேன். தாம்பூலத் தட்டை நானே எடுப்பேன். அன்றைக்கு என்னை உன் பக்கத்தில் தேடாதே, சுமன். பெண் வீட்டு வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

உன் அக்கா,
அதைவிட இப்போது மாயாவுக்கு அக்கா,
முருகேஸ்வரி