என் சொல்லை எடுத்தவளுக்கு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் கொழுந்தனாருக்கு மட்டும் அதே முதுகுவலி. நாற்காலியை மாற்றுங்கள் என்றால் மேசையை மாற்றுகிறார். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு நிம்மதியானோம். சொட்டு மருந்து விடும்போது குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று அத்தான் சொன்னார். நீங்கள் இருக்கும்போது எனக்கு என்ன கவலை.

ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. ‘முதல் மூச்சு’ என்ற சொல்லை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய ஒருவர் விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். வெப்சைட் தொழிலில் அவர் அனுமதி இல்லாமல் அந்தப் பெயரில் இனி யாரும் வகுப்பு எடுக்கக் கூடாதாம், புத்தகம் போடக் கூடாதாம். என் பயிற்சி வகுப்பின் பெயரையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் தொழிலில் இன்று அந்தச் சொல் வராத மீட்டிங் உண்டா? இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகள் தங்கள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொல்கிறார்கள்.

கீழே விளக்கம் என்று ஒரு பத்தி இருந்தது. ‘ஒரு பக்கத்தைத் திறப்பவரை, படமும் விளம்பரமும் ஜோடனையும் வந்து சேரும்வரை வாசலில் நிற்க வைக்காமல், அவர் எதற்காக வந்தாரோ அதை மட்டும் முதலில் கையில் கொடுத்துவிட்டு, மற்றதைப் பிறகு கொண்டுவரும் முறை’ என்று எழுதியிருந்தது. வக்கீல்கள் இப்படி எழுத மாட்டார்கள். படிக்கும்போதே அது யார் குரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விண்ணப்பதாரர் பெயரைப் பார்த்தேன். அந்தப் பெயரில் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் கதவு எண்ணும் நம் வீட்டு எண்ணாக இருக்கிறதே.

அக்கா, நீங்களா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் சின்னவள்


மார்ச் 15

சின்னவளுக்கு,

நானேதான். கதவு எண் வரைக்கும் போயிருக்க வேண்டாம், பெயரோடு நிறுத்தியிருக்கலாம்.

அத்தை நலம். கறுப்புக் கண்ணாடியோடு நாள் முழுக்க உன் மேடைப் பேச்சைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் சரியான இடத்தில் தலையாட்டுகிறார். பக்கத்து வீட்டு அம்மா வந்தால், “நம்ம சின்னவதான் பேசறா, உலகமே கேக்குது” என்கிறார். சொட்டு மருந்து விடுகிற கை என்னுடையது. அந்தக் கை அவர் காதில் விழவில்லை.

நாம் எல்லோரும் இங்கே கூடியிருந்த அந்த விடுமுறையை மறந்திருக்க மாட்டாய். நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாய், நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். சாதாரண போனில் உங்கள் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது, மேனேஜர் உயிரை எடுக்கிறார் என்று மூக்கைச் சிந்தினாய். நான்தான் சொன்னேன், “எல்லாத்தையும் ஒண்ணா ஏன் இழுக்கற? முதல் மூச்சு வரட்டும். அது வந்துட்டா ஆள் பிழைச்சுக்கும். மத்ததெல்லாம் அப்புறம்” என்று. சோப்புக் கையோடு திரும்பி, “அக்கா, இன்னொரு தரம் சொல்லுங்க” என்றாய். நானும் பெருமையாக இன்னொரு தரம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதது என் தப்பு.

ஒரு வருஷம் கழித்து என் மேனேஜர் ஒரு வீடியோ அனுப்பினார். “இந்த அம்மா எப்படி யோசிக்கறாங்க பாருங்க. நீங்களும் இப்படி யோசிக்கப் பழகணும்” என்று கூடவே ஒரு வரி. ஆபீஸில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். நீலச் சட்டையில் நீ. உங்கள் குழுவில் இதற்கு முதல் மூச்சு என்று பெயர் வைத்திருக்கிறீர்களாம். கைதட்டல் அடங்கவே இல்லை. உன் குழுவில் யாரம்மா பெயர் வைத்தது? அவர்களில் யார் அன்றைக்கு என் சமையலறையில் தட்டு துடைத்தார்கள்?

பொறாமையா என்று நினைப்பாய். ஆமாம், பொறாமைதான். நியாயம், உரிமை, தன்மானம் என்று கௌரவமான பெயர்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன். எதுவும் என் வயிற்றெரிச்சலுக்கு அளவாக இல்லை. உன் பெயரை எங்கே பார்த்தாலும் எரிந்தது. உன் வகுப்புக்கு எங்கள் ஆபீஸே இரண்டு பேரை அனுப்பியது. திரும்பி வந்தவர்கள் எனக்கு முதல் மூச்சு என்றால் என்ன என்று விளக்கினார்கள். அதில் ஒருவர் போர்டில் படம்கூடப் போட்டார். அன்றைக்குத்தான் வக்கீலைப் பார்க்கப் போனேன்.

என் சொல் எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

கொழுந்தனாரிடம் நாற்காலியை மாற்றச் சொல்.

உன் பெரியவள்


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கை பழகிவிட்டது.

நீங்கள் சொன்னதுதான். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? ‘எங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னது’ என்று அந்தப் பேச்சுக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். மேடை ஏறுவதற்கு முன்னால் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று கேளுங்கள். அந்த வீட்டில் எனக்கென்று என்ன இருக்கிறது, அக்கா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதைத் தொட்டாலும் அத்தை, “பெரியவளக் கேட்டுக்க” என்பார். இங்கே இத்தனை தூரம் தள்ளி வந்தும் உங்கள் கொழுந்தனார், “அண்ணியா இருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க” என்பார். சமையலில் நீங்கள், கணக்கில் நீங்கள், பிள்ளை வளர்ப்பில் நீங்கள். சரி, கம்ப்யூட்டரிலாவது நான் இருந்துகொள்கிறேன் என்று பார்த்தால் அங்கேயும் நீங்கள்தான் முன்னால் நிற்கிறீர்கள். உங்களிடம் இருப்பதில் ஒன்றே ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. கையில் தூக்கிக்கொண்டு வரக்கூடியதும் அது ஒன்றுதான். எடுத்துக்கொண்டேன். வயிற்றெரிச்சல் உங்கள் ஒருத்திக்கு மட்டும் எழுதி வைத்ததில்லை.

இப்போது இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விண்ணப்பம் வெளியே தெரிந்துவிட்டது. டெவலப்பர்கள் கூடும் குழுக்களில் வேறு பேச்சே இல்லை. ‘இன்றைக்கு நிறைய தடவை மூச்சு விட்டுவிட்டேன், பில்லை எங்கே அனுப்புவீர்கள்?’ என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் ‘பட்டன்’ என்ற சொல்லைத் தன் மாமனார் பெயரில் பதியப் போகிறாராம். சிரிக்கலாம். ஆனால் உங்களை வார்த்தைத் திருடி என்கிறார்கள். பொதுவில் கிடந்ததை வளைத்துப் போடப் பார்க்கிறார் என்கிறார்கள். உங்கள் படத்தைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அந்த விடுமுறையில் நாம் இருவரும் சேர்ந்து நின்ற படம். என் பாதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். நான் தூண்டிவிடவில்லை. தடுக்கவும் இல்லை.

எல்லோரும் சேர்ந்து ஆட்சேபம் கொடுக்கப் போகிறார்கள். என்னைத்தான் முன்னால் நிற்கச் சொல்கிறார்கள். அவர்களுடைய வக்கீல் ரொம்ப நல்ல மாதிரி. “மேடம், நீங்கதான் முதல்ல சொன்னதுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வீடியோ இருக்கு, தேதி இருக்கு. அந்தம்மா கையில என்ன இருக்கு?” என்றார். அவர் சொல்வது சரிதான். உங்கள் கையில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அங்கே நீங்களும் நானும் மட்டும்தான்.

நான் அந்த வரியை எழுதினால் நீங்கள் காலத்துக்கும் திருடிதான். என்ன எழுதுவேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்களாகவே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவள்


ஏப்ரல் 3

சின்னவளுக்கு,

எழுது. தாராளமாக எழுது. மேடையில் சொல்லக் கூசாதவளுக்குக் காகிதத்தில் என்ன கூச்சம்?

நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். இப்போது வாங்கிக்கொண்டால் அவர்கள் சொன்னது உண்மை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும்.

ஆபீஸில் என்ன நடக்கிறது தெரியுமா? மீட்டிங்கில் யாரும் என் எதிரில் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. “இந்தப் பக்கத்துக்கு அந்த... அது... நம்ம முறை இருக்கே, அதப் பண்ணிடலாம்” என்று ஆரம்பித்து, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்கள். நேற்று புதிதாகச் சேர்ந்த பெண் வாய்தவறிச் சொல்லிவிட்டு, “சாரி மேடம்” என்றாள். யாரோ செத்த வீட்டில் சத்தமாகச் சிரித்துவிட்டவள் மாதிரி இருந்தது அவள் முகம். என் சொல்லை என் எதிரில் பேசப் பயப்படுகிறார்கள். நான் கேட்டது இதுதானா என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்று அவசியமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

உன் அத்தான் விஷயம் தெரிந்து, “ஒரு வார்த்தைக்கா ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்க?” என்றார். அவருடைய ஸ்கூட்டரைப் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு ஓட்டினால் சும்மா இருப்பாரா என்று கேட்டேன். பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எழுதித்தான் பாரேன்.

பெரியவள்


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

ஆட்சேபம் கொடுத்தாயிற்று. நகல் உங்கள் வக்கீலுக்கு வரும். அவர் வாயால் கேட்பதற்கு முன்னால் நீங்களே படித்துவிடுவது நல்லது என்று என் வாக்குமூலத்தை மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

‘இந்தச் சொல்லை முதலில் சொன்னவர் விண்ணப்பதாரரே. அவர் என் ஓரகத்தி. அவருடைய சமையலறையில் அவர் எனக்குச் சொன்னதை நான் கேட்டேன். பின்னர் மேடையில் அவர் பெயரைச் சொல்லாமல் நான் பயன்படுத்தினேன். அதன் பிறகு இத்தொழிலில் உள்ள எல்லோரும் சொல்லும் பொதுச் சொல்லாக அது ஆகிவிட்டது. இன்று அதை ஒருவருக்கு மட்டும் கொடுப்பது முடியாத காரியம். ஆனால் அதைப் பிறப்பித்தவர் அவர்.’

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஒரு வரி எழுதுங்கன்னா சுயசரிதை எழுதியிருக்கீங்களே” என்றார்.

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது.

சின்னவள்


மே 9

சின்னவளுக்கு,

படித்தேன். இரண்டு நாள் வைத்து வைத்துப் படித்தேன். என் சொல் என்னுடையது என்று முதல் தடவையாக ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது எனக்கு எதிரான காகிதத்தில் வந்திருக்கிறது. என் வக்கீல், “இதுக்குப் பதில் சொல்றது கஷ்டம்மா. நீங்க சொன்னதை ஒத்துக்கிட்டே உங்களைத் தோக்கடிக்கறாங்க” என்றார். எனக்கு அழுகை வந்தது. தோற்றதற்கு அழுகிறேன் என்று அவர் நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மறுபடியும் எரிய ஆரம்பித்தது. ஏன் என்று கேள்.

நீ எழுதியதை யாரோ வெளியே போட்டுவிட்டார்கள். உலகமே படித்துவிட்டது. எல்லோரும் என்ன சொல்கிறார்கள்? அந்தப் பெரியவள் பாவம், எவ்வளவு நாள் பொறுத்திருப்பாள் என்று ஒருவராவது சொன்னார்களா? உன் நேர்மையைப் பார், உன் துணிச்சலைப் பார் என்று உருகுகிறார்கள். என் மேனேஜர் மறுபடியும் எனக்கே அனுப்பியிருக்கிறார், “என்ன மனசு பாருங்க!” என்று. அத்தைக்கு யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்த கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடமே சொல்கிறார், “பாத்தியா, நம்ம சின்னவளுக்கு எவ்வளவு பெரிய மனசு. அவளப் பாத்துக் கத்துக்க” என்று. உன்னிடமிருந்து என் சொல்லைத் திரும்ப வாங்கினேன். அதற்கும் கைதட்டல் உனக்குத்தான் போனது.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே. சொன்னால் அதற்கும் உன்னைத்தான் புகழ்வார்கள். பெருந்தன்மை என்று தப்புக்கணக்குப் போட்டுவிடாதே, எனக்கு அதெல்லாம் கிடையாது. அந்தப் புதிய பெண் நேற்று மீட்டிங்கில் தைரியமாகச் சொன்னாள், “முதல் மூச்சு பண்ணிடலாம் மேடம்” என்று. சரி என்று தலையாட்டினேன். எல்லோரும் மூச்சு விட்டார்கள். காதுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

உன்மேல் பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. போகும் என்றும் தோன்றவில்லை. உனக்கும் என்மேல் போக வேண்டாம். ஒருத்திக்கு மட்டும் இருந்தால்தான் கேவலம்.

இன்னொரு விஷயம். இதை எழுதலாமா என்று பேனாவை இரண்டு தடவை மூடி வைத்தேன். சில மாதமாக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஒருவர் வெப்சைட்டில் ஏதோ ஒரு விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிக்கொண்டிருக்கும்போது நெட் போய்விட்டால், எழுதியதெல்லாம் போகாமல், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஒரு வழி. வேலை செய்கிறது. முதல் மூச்சைவிடப் பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் பெயர் வரவில்லை. தனியாக உட்கார்ந்து எத்தனையோ பெயர் எழுதிப் பார்த்துவிட்டேன், எல்லாம் மருந்துக் கம்பெனி பெயர் மாதிரி இருக்கின்றன. உன் அத்தானிடம் விளக்கினால் தூங்கிவிடுகிறார். எதிரே ஒருத்தி நின்று “புரியல அக்கா” என்று முகத்தைச் சுளித்தால்தான் எனக்கு வாயில் சொல் வருகிறது. அந்த ஒருத்தி நீயாக இருப்பது எனக்கு எவ்வளவு கசக்கிறது தெரியுமா?

விடுமுறைக்கு இரண்டு பேரும் வாருங்கள். உனக்கு மட்டும் சொல்கிறேன். பெயர் வந்த அன்றைக்கே, நீ விமானம் ஏறுவதற்கு முன்னால், அதை என் பெயரில் வெளியே போட்டுவிடுவேன். அதுவரை உன் போன் என் பீரோவில் இருக்கும், சாவி என் இடுப்பில் இருக்கும்.

சம்மதம் என்றால் டிக்கெட் எடு.

பெரியவள்