உயிரோடிருந்த அத்தைக்குப் படையல்

என் அப்பாவுக்கு,

அன்பு இன்னும் தீரலையேங்கிற கோபத்தோட எழுதறேன்.

நம்ம தெருவுக்கு முதல் டிவி வந்திருக்கு. நீங்க இருந்து பார்க்கலை. நீங்க போனதும் முதியோர் பத்தின என் முனைவர் பட்ட ஆய்வை விட்டுடலாம்னுதான் இருந்தேன். "அவருக்காகவாவது முடிடி"ன்னு அம்மாதான் பெரம்பலூர்ல பஸ் ஏத்தி விட்டாங்க. ஆதரவற்ற முதியோர் உதவித்தொகை யாருக்குக் கிடைக்குது, யாருக்கு ஏன் மறுக்கிறாங்கன்னு ஊர் ஊரா விசாரிக்கிற வேலை. அப்படித்தான் திருமழபாடிக்குப் போனேன்.

கூரை வீட்டு வாசல்ல வயசான ஒரு அம்மா உளுந்து புடைச்சிட்டிருந்தாங்க. உதவித்தொகை வருதான்னு கேட்டேன்.

"எங்க வருது? தம்பி கோவிந்தராசு பெரம்பலூர்ல வாத்தியாரு, அவன் பாத்துக்குவான்னு தள்ளிட்டாங்க. அவன் இந்தப் பக்கம் எட்டியே பாக்கல."

அவங்க பேரு அஞ்சலை. காலராவுல போயிட்டாங்கன்னு சொல்லி, ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை நீங்க படையல் போட்ட உங்க அக்கா. அந்தப் படையல் முன்னால நானும் விழுந்து கும்பிட்டிருக்கேனே அப்பா!

உங்க மகள்னு சொன்னதும் என் கன்னத்தைத் தடவினாங்க. "தம்பி நல்லாருக்கா?"

நீங்க இறந்துட்டீங்கன்னு சொன்னேன். எழுந்து போய்க் கொள்ளிடத்துல தலை முழுகிட்டு வந்து, ஈரப் புடவையோட உக்காந்து அழுதாங்க. உங்களை ஒரு வார்த்தை குறை சொல்லலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

நாத்து நட்டு உங்களைப் படிக்க வெச்சவங்களாமே? புருஷனை வேணாம்னு விட்டுட்டு வந்ததாலயா அவங்களைச் சாகடிச்சீங்க? இல்ல, கூலிக்குப் போற அக்கா வாத்தியாருக்குக் கூச்சமா? அம்மாகிட்ட கேட்டேன். "தெரியும்டி. சத்தியம் வாங்கிட்டாரு"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. முதியோரைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுன்னு என்னைத் தூண்டினதே நீங்கதானே? எதுக்கு அப்பா?

நீங்க படையல் போட்டதை அத்தைகிட்ட சொல்லிட்டேன். பெரம்பலூருக்கு வரச் சொன்னா மாட்டேங்கிறாங்க. "செத்தவ வூடு தேடி வந்தா சனம் பயந்துக்கும்"னு சிரிக்கிறாங்க. உதவித்தொகைக்கு மறுபடி மனு கொடுத்திருக்கோம். உடன்பிறந்தவர் யாரும் உயிரோட இல்லைன்னு நானே எழுதினேன். இப்ப அது உண்மை.

இனி ஞாயித்துக்கிழமைன்னா நான் திருமழபாடியிலதான் இருப்பேன். கடைசிவரைக்கும் அத்தையைப் பாத்துக்குவேன். உங்களை மன்னிப்பேன்னு மட்டும் இப்ப வாக்குக் குடுக்க முடியலை.

இப்படிக்கு,
உங்க அக்காவோட மருமகள்
தமிழரசி