சாம்பல் போட்ட பாதி வயல்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் நண்பனைக் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கினேன். அவனைத் திட்டாதே.

உன் அண்ணனுக்குக் கால் புண் மெல்ல ஆறுகிறது. இன்னும் ஒரு மாதம் சேற்றில் இறங்கக் கூடாது என்று கட்டு மாற்றும் நர்ஸ் சொல்லிவிட்டார். வயலும் வீடும் என் தலையில். உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

நீ போன பிறகும் தீ பதினொரு நாள் மண்ணுக்குள்ளேயே புகைந்தது. நம் மண் இலையும் வேரும் மக்கிய சதுப்பு மண். காய்ந்தால் அதுவே விறகு. சாம்பலுக்காகக் காய்ந்த சோளத் தட்டையை வயலிலேயே கொளுத்தினாய். தீ அடியில் இறங்கும் என்று நம் மூவருக்கும் தெரியவில்லை. தரைதானே என்று உன் அண்ணன் கால் வைத்து, உள்ளிருந்த கனலில் வெந்துவிட்டார். மடையைத் திறந்து தண்ணீர் கட்டிய பிறகுதான் அடங்கியது.

சாம்பல் போடலாம் என்ற உன் யோசனை தப்பில்லை, தம்பி. கொளுத்திய இடம்தான் தப்பு. இந்த முறை களையையும் தட்டையையும் வாசல் சிமெண்டுத் தரையில், தகர டிரம்மில் எரித்தேன். ஆறவிட்டுச் சலித்து, வாளி வாளியாகச் சுமந்து பாதி வயலில் தூவிக் கொத்திவிட்டேன். அதற்கு மேல் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. “என்னம்மா, வயலுக்குப் பவுடர் பூசுறியா?” என்று பக்கத்து வயல்காரர் சிரித்தார்.

இப்போது அவர் சிரிப்பதில்லை. சாம்பல் போட்ட பக்கம் மக்காச்சோளம் இடுப்புயரம். போடாத பக்கம் முழங்காலோடு நின்று, இலையோரம் கருகுகிறது. வேளாண் அதிகாரி மண்ணைச் சோதித்துவிட்டு, “புளிப்பு குறைஞ்சிருக்கு, இப்பத்தான் வேர் சத்தை இழுக்குது. அதுக்காக அள்ளிக் கொட்டிடாதீங்க” என்றார்.

நேற்று உன் அண்ணனைக் கைத்தாங்கலாக வரப்புவரை கூட்டிப்போனேன். வெகுநேரம் பார்த்தார். உன் பேச்சை எடுக்கவில்லை. “மீதிப் பாதிக்கு யாரு போடுறது?” என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன். “உன்னால முடியாது” என்று சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் வீட்டு ஆண்கள் வாய்விட்டுக் கூப்பிட்டால் வாய் தேய்ந்துவிடுமே!

அண்ணனின் அந்தக் காலைப் பார்க்கத்தான் நீ பயப்படுகிறாய். எனக்குத் தெரியும். முதல் நாள் நானும் வெளியே ஓடிப்போய் அழுதேன். இப்போது தினமும் பார்க்கிறேன். நீ பார்க்கும்போது பக்கத்தில் நிற்பேன்.

நல்லபடியாக வந்து சேர், தம்பி. என்னால் தனியாக முடியவில்லை.

உன் அண்ணி